சி.ஓ.வைத் தாண்டி ஒரு கடிதம்

ஜெர்மன் ராணுவத்தில் ஒரு விதி இருக்கிறது. மேலதிகாரி மீது புகார் கொடுக்க வேண்டுமென்றால் சம்பவம் நடந்த அன்றே கொடுக்க முடியாது. நடுவில் ஒரு ராத்திரி கழிய வேண்டும். அப்புறம் ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காலையில் தலையைச் சொறியக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பக்கம் ஒரு ராத்திரி என்ன, முழு சர்வீஸும் கழிந்துவிடும், ஆள் வாய் திறக்க மாட்டான்.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். பட்டாளத்து மொழியில் ‘பாபு’. லீவ் சர்ட்டிபிகேட்டும் பார்ட் டூ ஆர்டரும் டைப் அடித்தே இளமை போனது. ஊர் வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன கிராமங்கள் எங்களைச் சுற்றி உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த பிறகும் என் வேலை மாறவில்லை. ஊனமுற்றோர் பென்ஷன், விதவைப் பென்ஷன், விட்டுப்போன இன்கிரிமென்ட் என்று யாராவது காகிதக் கட்டோடு திண்ணைக்கு வந்துவிடுவார்கள். மனு எழுதி எழுதித்தான், மற்ற நாடுகளில் ஒரு சிப்பாய் குறை சொன்னால் அந்தக் காகிதம் எங்கே போகிறது என்று தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது.

தேடியதில் என்னை நிற்க வைத்தது ஜெர்மனிதான். அங்கே நாடாளுமன்றத்துக்கென்று ஒரு ராணுவ ஆணையர் இருக்கிறார். அமைச்சர் அவரை நியமிப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் 5 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவரில்லை. கடைசி வரிசை ரெக்ரூட் முதல் ஜெனரல் வரை யார் வேண்டுமானாலும் அவருக்கு நேராக எழுதலாம். செக்ஷன் கமாண்டர், கம்பெனி கமாண்டர், சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) என்று படி ஏற வேண்டியதில்லை. எழுதினான் என்பதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவருடைய முகவரியை ஒவ்வொரு யூனிட்டிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். ஒரு பழைய கிளார்க்காகச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த அறிவிப்புப் பலகைதான். டியூட்டி ரோஸ்டருக்குப் பக்கத்தில், சி.ஓ.வின் மூக்குக்கு நேரே, சி.ஓ.வைத் தாண்டிப் போகிற வழி ஒட்டியிருக்கிறது!

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் தோற்று, படையே இல்லாமல் 10 வருடம் இருந்துவிட்டு, 1955-ல் மேற்கு ஜெர்மனி மறுபடியும் ராணுவம் அமைத்தது. ஹிட்லருக்குச் சத்தியம் செய்து கொடுத்த தலைமுறையிலிருந்துதான் அதிகாரிகளை எடுக்க வேண்டியிருந்தது. வேறு ஆள் ஏது? இன்னொரு முறை ராணுவம் தனி அரசாங்கம் நடத்திவிடுமோ என்ற பயம் நாடாளுமன்றத்துக்கு. எர்ன்ஸ்ட் பவுல் என்ற சோஷியல் டெமாக்ரட் உறுப்பினர் நாஜிக் காலத்தில் ஸ்வீடனில் அடைக்கலம் புகுந்திருந்தவர். அங்கே 1915-லிருந்தே ராணுவத்துக்கென்று தனியாக ஒரு ஆம்பட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான அதிகாரி, இருந்ததைப் பார்த்திருக்கிறார். அதையே இங்கே கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார். 1956-ல் அரசியல் சட்டத்தில் 45பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1957-ல் அதற்கான சட்டம் வந்தது. ஆளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்க 1959 ஆகிவிட்டது. சர்க்கார் வேலை எல்லா ஊரிலும் சர்க்கார் வேலைதான். முதல் வருடத்திலேயே 3,000-க்கும் மேல் மனுக்கள்.

அந்த ஆணையரால் யாருக்கும் ஆர்டர் போட முடியாது. ஒரு லான்ஸ் நாயக்கைக்கூட டிரான்ஸ்பர் செய்ய முடியாது. கோப்பைக் கேட்கலாம், கொடுத்தாக வேண்டும். எந்த முகாமுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கலாம். சிப்பாயின் கடிதம் வந்தால் சம்பந்தப்பட்ட யூனிட்டையோ அமைச்சகத்தையோ விளக்கம் கேட்பார்; என் பெயர் வேண்டாம் என்று அவன் சொன்னால் மறைக்கலாம். மொட்டைக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. வருடம் பூராவும் வந்ததையெல்லாம் சேர்த்து நாடாளுமன்றத்தில் ஒரு அறிக்கை வைப்பார். இவ்வளவுதான் அதிகாரம். பல்லில்லாத பதவி என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் பக்கத்தைப் புரட்டினேன்.

1963 ஜூலையில் நாகோல்ட் என்ற சின்ன ஊரில், பாராசூட் படையின் பயிற்சிக் கம்பெனி ஒன்று வெயிலில் கடுமையான நடை போனது. ரெக்ரூட் ஒருவர் சுருண்டு விழுந்தார். ஒரு வாரத்தில் இறந்தும் போனார். தோண்டியபோது, அந்தக் கம்பெனியில் பயிற்சி என்ற பெயரில் நடந்த கொடுமைகள் வரிசையாக வெளியே வந்தன. பயிற்றுநர்கள் நீதிமன்றம் ஏறினார்கள், கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். அப்போது ஆணையராக இருந்தவர் ஹெல்முட் ஹைய. இவர் ஏதோ மனித உரிமைக்காரர் என்று நினைக்க வேண்டாம். போர்க்காலத்தில் கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்தவர். ஒழுங்கு, கட்டுப்பாடு எல்லாம் ஊறிப்போன ஆள். அவர்தான் 1964-ல், அறிக்கை எழுதி எழுதி யாரும் காதில் வாங்கவில்லை என்று ஒரு வாரப் பத்திரிகையில் தொடர் எழுதினார். இந்தப் படை மறுபடி ‘அரசுக்குள் அரசு’ ஆகப் பார்க்கிறது என்று எச்சரித்தார். நாடே கொதித்தது, முறையை மீறிப் பத்திரிகைக்குப் போய்விட்டார் என்று நாடாளுமன்றத்திலேயே பலருக்குக் கோபம். அந்த வருடமே பதவியை விட்டுப் போனார். அவர் போனாலும் பதவி பலப்பட்டது. அதற்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்த அறிக்கைகளை அப்புறம் உறுப்பினர்கள் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள்.

2010-ல் இன்னொன்று. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மிட்டன்வால்ட் என்ற ஊரில் மலைப்படை பட்டாலியன். அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே போன ஒரு பழைய சிப்பாய் ஆணையருக்கு எழுதினார்: குழுவில் சேர வேண்டுமென்றால் பச்சை ஈரலைத் தின்ன வேண்டும், வாந்தி வரும்வரை குடிக்க வேண்டும் என்று. ஒரே கடிதம். அது வெளியே தெரிந்த உடனே, வருடக்கணக்காக அதே மாதிரி அனுபவித்தவர்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். இதில் என்னைக் குடைவது ஒரு விஷயம். சர்வீஸில் இருந்தவன் எவனும் எழுதவில்லை. வெளியே போனவன்தான் முதலில் எழுதினான். அறிவிப்புப் பலகையில் முகவரி இருந்தும்கூட. சட்டம் போட்ட பாதுகாப்பு இரவு பாரக்குக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

ஆணையர் அலுவலகம் சொன்னால் எல்லாம் வேதவாக்கு என்றும் நினைக்க வேண்டியதில்லை. 2010 நவம்பரில் கோர்ச் ஃபோக் என்ற பயிற்சிப் பாய்க்கப்பலில், பிரேசில் துறைமுகத்தில், இளம் பெண் கேடட் ஒருவர் பாய்மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அடுத்து கேடட்டுகள் சொன்ன குறைகளை ஆணையர் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதி அனுப்பினார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பாதுகாப்பு அமைச்சர் அவசரம் அவசரமாகக் கப்பல் கேப்டனைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். இரண்டு மாதத்தில் கடற்படையின் விசாரணைக் குழு, குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டவை என்று சொல்லிவிட்டது. கேப்டனுக்குப் போன பெயர் போனதுதான். என்னைக் கேட்டால் தப்பு, கடிதத்தை அனுப்பியவர் மேல் இல்லை; புகாரையே தீர்ப்பாக எடுத்துக்கொண்ட அமைச்சர் மேல்தான். ஆனால் அந்தக் கேப்டனின் இடத்தில் இருந்தால் இந்த வித்தியாசமெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்குமா என்பது சந்தேகம்.

பெரிய வழக்குகளை விடுங்கள். அந்த வருடாந்திர அறிக்கைகளை நான் ரசித்துப் படிப்பது சின்ன விஷயங்களுக்காக. ஆங்கிலத்திலும் போடுகிறார்கள், டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். கக்கூஸ் சரியில்லை, ஷவரில் பூஞ்சை, பாரக்கில் வைஃபை இல்லை, குளிர்கால ஜாக்கெட் வரவில்லை. இதையெல்லாம் ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் அச்சடித்து வைக்கிறார்கள். ஈவா ஹோகல் ஆணையராக இருந்தபோது 2023 மார்ச்சில் வைத்த அறிக்கையில், உக்ரைன் போருக்குப் பிறகு அறிவித்த 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியிலிருந்து 2022-ல் ஒரு சென்ட்கூடப் படைக்கு வந்து சேரவில்லை என்று எழுதினார். இதே வேகத்தில் போனால் முகாம் கட்டடங்களைச் சரிசெய்து முடிக்க அரை நூற்றாண்டு ஆகும் என்றார். அமைச்சர் சங்கடப்பட்டார், படைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ராணுவத்தைக் கேள்வி கேட்டால் படையின் பலம் குறையும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ராணுவத்துக்குக் காசு கொடு என்று அந்த நாட்டில் உரக்கக் கேட்டதே புகார் வாங்குகிற அலுவலகம்தான்.

பிரிட்டன் கதை வேறு மாதிரி. அங்கே சாவு எண்ணிக்கை ஏறினால்தான் சட்டம் நகர்ந்தது. சர்ரே பகுதியில் டீப்கட் பயிற்சி முகாமில் 1995-க்கும் 2002-க்கும் நடுவில் நான்கு இளம் சிப்பாய்கள் துப்பாக்கிக் குண்டுக் காயத்தோடு இறந்து கிடந்தார்கள். வயது 17 முதல் 20. தற்கொலை என்று ராணுவம் சொன்னது. ஒருவர் உடம்பில் ஐந்து குண்டுகள் இருந்தபோதும். பெற்றோர் விடவில்லை. 2006-ல் வழக்கறிஞர் நிக்கோலஸ் பிளேக் தயாரித்த அறிக்கை, அவர்கள் தாங்களே சுட்டுக்கொண்டதாகத்தான் தெரிகிறது என்று சொன்னாலும், அந்த முகாமில் பிள்ளைகளைக் கவனிக்கப் போதிய ஆளில்லை, குறை சொல்ல வெளியே ஒரு இடமில்லை, சுயேச்சையான ஆம்பட்ஸ்மன் வேண்டும் என்றது.

அரசாங்கம் பாதி கொடுத்தது. 2008-லிருந்து ஒரு புகார் ஆணையர். ஆனால் விசாரிக்கும் அதிகாரம் கிடையாது. வந்த கடிதத்தைத் திரும்ப ராணுவத்துக்கே அனுப்பி வைத்து, என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் ஆணையர் சூசன் அட்கின்ஸ், இந்த அமைப்பு திறமையாகவும் இல்லை, பலனுள்ளதாகவும் இல்லை, நியாயமாகவும் இல்லை என்று வருடா வருடம் எழுதினார். தன் நாற்காலியைப் பற்றி இப்படி எழுதுகிற அதிகாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2011-ல் ஒரு பெண் கார்ப்பரல் தற்கொலை செய்துகொண்டார். 2014-ல் நடந்த மறுவிசாரணையில் அவருக்கு நடந்த கொடுமையும் அதற்கு ஒரு காரணம் என்று தெரிந்தது. 2015-ல் சட்டம் மாறியது. 2016-லிருந்து ஆம்பட்ஸ்மன். அவரால் விசாரிக்க முடிந்தது, ஆனால் ராணுவத்தின் உள்வழி முழுவதும் முடிந்த பிறகு. அதற்குள் ஆளே ரிசைன் செய்துவிட்டுப் போயிருப்பான். கடைசியில் 2025 செப்டம்பரில் ஆயுதப்படை ஆணையர் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். முகாமுக்குச் சொல்லாமல் போகலாம், குடும்பத்தாரும் எழுதலாம். ஜெர்மனியைப் பார்த்துத்தான் செய்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். டீப்கட்டில் முதல் பிள்ளை செத்து 30 வருடம்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

எங்கள் யூனிட்டில் மாதம் ஒரு முறை சைனிக் சம்மேளன் நடக்கும். பழைய ஆட்கள் தர்பார் என்பார்கள். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். சி.ஓ. பேசி முடித்துவிட்டு, “கிஸி கோ கோயி பாயின்ட்?” என்று கேட்பார். யாருக்காவது குறை இருக்கிறதா என்று அர்த்தம். கேட்டுவிட்டுப் பார்ப்பார். அவருக்குப் பக்கத்தில் சுபேதார் மேஜர் சாப்பும் எங்களைப் பார்ப்பார். மூன்றாவது வரிசையில் ஒருவன் எழுந்து, அட்டென்ஷனில் நின்று, கேன்டீனில் எட்டாம் நம்பர் ஷூ கிடைப்பதில்லை என்பான். சி.ஓ. உடனே குவார்ட்டர் மாஸ்டரைப் பார்த்து ஏற்பாடு செய்யச் சொல்வார். குறிப்புப் புத்தகத்தில் எழுதுவேன். அந்த ஷூ பாயின்ட் முந்தின நாள் சாயங்காலமே கம்பெனி ஜே.சி.ஓ. (சுபேதார் ரக அதிகாரி) தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, யார் எழுந்திருக்க வேண்டும் என்பது உட்பட. டைப் அடித்து வைத்தவனே நான்தான். கெட்ட மனுஷர்கள் யாரும் இல்லை அங்கே. நல்ல சி.ஓ.க்கள், சிப்பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் அனுப்புகிறவர்கள். ஆனால் குறை கேட்கிறவரும், லீவ் கொடுக்கிறவரும், வருடாந்திர ரகசிய அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் பாயின்ட் எட்டாம் நம்பர் ஷூவாகத்தான் இருக்கும்.

1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு சிப்பாய்க்கும், 27-ஆவது பிரிவு ஆபீசருக்கும் குறை சொல்லும் உரிமை கொடுக்கிறது. சிப்பாய் யாரிடம் சொல்ல வேண்டும்? தன் கம்பெனியை நடத்துகிற ஆபீசரிடம். அவர் மேலேயே குறை என்றால் அதற்கடுத்த மேலதிகாரியிடம். எல்லாமே அதே ஏணி. தெரிந்தே பொய்ப்புகார் கொடுத்தால் 56-ஆவது பிரிவில் 5 வருடம் வரை சிறை. பொய் சொன்னால் தண்டனை வேண்டியதுதான். ஆனால் 22 வயதுப் பையனுக்கு இந்தப் பிரிவு மட்டும் எப்படியோ மனப்பாடமாக இருக்கிறது.

வெளியே ஒரு கதவு 2009-ல் திறந்தது: ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ல் சட்டம். தலைமை அமர்வு டெல்லியில், கிளைகளில் ஒன்று சென்னையில். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஊனமுற்றோர் பென்ஷனை ‘சர்வீஸால் வந்த நோய் இல்லை’ என்று ஒரே வரியில் மறுத்த காகிதங்களை அங்கே கொண்டுபோய் ஜெயித்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் ஓய்வுபெற்ற ராணுவ உயரதிகாரி ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆனால் அது கோர்ட். முதலில் உள்வழியில் மனு போட்டிருக்க வேண்டும். பதில் வர வேண்டும், இல்லையென்றால் 6 மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் வக்கீல், வாய்தா. தீர்ப்பாயத்தின் நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். வழக்கில் எதிர்த்தரப்பும் அதே அமைச்சகம். இதற்கெல்லாம் மேலே, சட்டத்தின் வரையறையிலேயே சிலவற்றை விலக்கிவிட்டார்கள்: இடமாற்றமும் போஸ்டிங்கும் வராது, எந்த வகை லீவும் வராது. பட்டாளத்தில் ஒரு நாள் இருந்தவனுக்கும் தெரியும், சிப்பாயின் குறைகளில் முதல் மூன்று என்ன என்று கேட்டால் லீவ், போஸ்டிங், மறுபடியும் லீவ்.

போன வருடம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் வந்தான். அப்பாவுக்கு ஆபரேஷன், கேட்ட லீவைப் பாதியாக வெட்டிவிட்டார்களாம்.

“அண்ணா, ஒரு மனு எழுதித் தாங்க. டெல்லிக்குப் போடணும்.”

“போடலாம். யூனிட் மூலமாத்தான் போகணும்.”

“யூனிட்டுக்குத் தெரியக் கூடாதுண்ணா.”

“நேரா டெல்லிக்குப் போட்டாலும் அங்க ஒரு சீல் குத்தி, கமென்ட்ஸ் கேட்டு உன் யூனிட்டுக்குத்தான் தம்பி திருப்பி விடுவாங்க.”

டீயைக் குடித்தான். அம்மா கூப்பிடுகிறாள் என்று போய்விட்டான்.

இப்படி மூடி வைத்தால் ஆவி வேறு வழியில் போகும். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ் கருகிய ரொட்டியையும் மஞ்சள் தண்ணீர் மாதிரி இருந்த பருப்பையும் வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். அது உள்துறை அமைச்சகத்தின் படை, ராணுவம் இல்லை. ஆனால் நாட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஏப்ரலில் அவரை டிஸ்மிஸ் செய்தார்கள். இதற்கிடையில் ராணுவத்திலும் ஒரு சிப்பாயின் வீடியோ வந்தது. அப்போதைய தலைமைத் தளபதி பிபின் ராவத், சமூக ஊடகத்துக்குப் போகாதீர்கள், என்னிடமே சொல்லுங்கள் என்று தலைமையகங்களில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னார். வாட்ஸாப் நம்பர்கூட கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெட்டியின் சாவியும் அதே ஏணியில்தான் தொங்குகிறது. தளபதி மாறினால் பெட்டியின் கதி என்ன என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறைக்கு நிலைக்குழு இருக்கிறது. சிப்பாயின் கடிதம் அதன் மேஜைக்கு நேராகப் போவதற்கு வழியில்லை.

கோர்ட் பக்கமும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தீர்ப்பாயத்தில் தோற்றால் உயர் நீதிமன்றம் போக முடியுமா? 2015-ல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட கூடாது என்றது. உச்ச நீதிமன்றத்துக்கோ, பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தால்தான் அப்பீல். டெல்லிவரை போய் வக்கீல் வைக்க ரிட்டயர்டு நாயக்குக்கு எங்கே காசு? 2023 மார்ச்சில் பரசோத்தம் தாஸ் வழக்கில், உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை அப்படி மூட முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை என் பீரோவில் பென்ஷன் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் எங்கள் பழைய சுபேதார் சாப்பிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னாள் ராணுவத்தினர் கேன்டீன் வரிசையில் நின்றபடி. அவருக்கு ஜெர்மனி யோசனை பிடிக்கவில்லை.

“பாபு, அதெல்லாம் சண்டை போடாத ஆர்மிக்குச் சரி. நாம பார்டர்ல நிக்கிறோம்.”

“அவங்களும் நின்னாங்க சாப். எதிர்ல ரஷ்யன் டாங்கி. கெடுபிடிப் போர் காலத்துல அவங்க படை 5 லட்சம் பேர் கிட்ட. அப்பவே இந்த ஆபீஸ் இருந்தது.”

“எத்தனை பேர் வேலை பாக்கறான் அதுல?”

“60 பேர் வாக்குல. வருஷத்துக்குச் சில ஆயிரம் கேஸ்.”

சாப் சிரித்தார். “நம்ம படை 12 லட்சம். தொறந்து விட்டேன்னா முதல் மாசமே லட்சம் கடிதம் வரும். யார் படிக்கிறது?”

“கிளார்க் எடுப்பாங்க சாப்.”

“உனக்குத்தான் வயசு தாண்டிடுச்சே” என்று சொல்லிவிட்டு, வரிசை நகர்ந்ததால் கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.